92-க்கும் 21-க்கும் நடுவே

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர், வேலையின்மை விகிதம் என்பது டெல்லியில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிற எண் என்று அடித்துச் சொன்னார். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கடைசியாக எழுதுகிறவர் ஏசி அறையில் இருக்கலாம். அந்த எண் அவர் கைக்குப் போகும் முன்னால் யாரோ ஒருவன் விருத்தாசலத்தில் சித்திரை வெயிலில் ஒரு வீட்டுத் திண்ணையில், நாய்க்குப் பயந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டு எழுதியிருக்கிறான். ஓய்வு பெறும்வரை அந்த வேலையைப் பார்த்தவன் நான். மத்திய அரசின் மாதிரியா, மாநில அரசின் மாதிரியா என்பது வேண்டாம். இரண்டுக்கும் ஷெட்யூல் என்கிற கேள்விப்படிவம் ஒன்றுதான்.

வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால்கூட வேலையுள்ளவராகக் காட்டிவிடுகிறார்கள் என்றும் அவர் கேலி செய்தார். ஒரு மணி நேரக் கணக்கு, வேலையை அளக்கிற மூன்று வழிகளில் ஒன்றான வாரநிலைக்கு உரியது. அது நம் ஆட்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, உலகத் தொழிலாளர் அமைப்பின் வரையறை. வழக்கநிலை வேறு. அதில் கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று பார்த்து, 30 நாளாவது செய்த துணைத்தொழிலையும் சேர்ப்போம். தினநிலை இன்னும் வேறு. அதில் ஒவ்வொரு நாளையும் இரண்டு அரைநாளாகப் பிரிப்போம். ஒரே ஆளிடம், ஒரே உட்காரலில் மூன்றும் வாங்க வேண்டும்.

எம்.எல். தாந்த்வாலா தலைமையிலான குழு 1970-இல் கொடுத்த அறிக்கைதான் இதற்கெல்லாம் மூலம். நம் நாட்டு வேலையின்மையை ஒற்றை எண்ணுக்குள் அடைக்க முடியாது என்று அந்தக் குழு சொன்னது. அதையொட்டித்தான் 1972-73-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 27-ஆவது சுற்று நடந்தது. விருத்தாசலத்து மழைக்காலத்தைப் பார்த்தவனுக்கு அந்த அறிக்கையைப் படிக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அச்சிலிருந்து எடுத்த பொம்மை காயாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும். வார்ப்பு வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருக்கும். மற்ற நாளில் செராமிக் கம்பெனி வாசல்வரை போய்விட்டுத் திரும்புவார். வழக்கநிலையில் அவர் வேலையுள்ளவர், வாரநிலையிலும் வேலையுள்ளவர். திரும்பி வந்த நாள்கள் தினநிலையில் மட்டும்தான் தெரியும். 2011-12 சுற்றில் நாடு முழுவதற்கும் வழக்கநிலை வேலையின்மை 2.2 சதவீதம், தினநிலையில் 5.6. அதே வீடுகள், அதே ஆட்கள். 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் நாள்வாரி மணிக்கணக்கை இன்னும் கேட்கிறார்கள், ஆனால் அறிக்கையில் வருவது வழக்கநிலையும் வாரநிலையும்தான். டிவியில் அந்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கேட்டிருப்பேன்.

இருக்கட்டும். என்னைக் கடைசிவரை ஆட்டிவைத்தது 92.

ஷெட்யூலில் போடுகிற கோடு எண்ணில் 92 என்றால் வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர். 21 என்றால் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கூட வேலை பார்ப்பவர். படிக்கச் சுலபம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தொழிற்பேட்டைக்குள் மட்டும் இல்லை. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற களிமண் பக்கத்திலேயே இருப்பதால் ஃபியூஸ் கட்டை, ஜாடி, அகல், கொலு பொம்மை என்று ஊர் பல தினுசில் பிழைக்கிறது. பொம்மை என்றால் வேலையில் பாதி வீட்டுக்குள் வந்துவிடும். பிசிறு தேய்ப்பது, வண்ணம் பூசுவது, கண் எழுதுவது, டஜன் கணக்கில் வைக்கோல் வைத்துக் கட்டுவது. எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லமாட்டேன். 2008-ஆம் வருடத்துப் புள்ளிவிவரச் சட்டமும் விடாது, பழக்கமும் விடாது.

“உங்க மருமக என்ன செய்றாங்கம்மா?”

“அது வூட்லதான் சார் கெடக்கு, சும்மா.”

சும்மா கிடக்கிற மருமகளின் மணிக்கட்டுவரை நீலப் பெயிண்ட். அவசரக்காரன் மாமியார் சொன்னதைக் கேட்டு 92 போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவான்.

அதைப் போடவிடாமல் எங்களை வதைத்தவர் என் முதல் மேற்பார்வையாளர். கும்பகோணத்துக்காரர். சைக்கிளில் ஆய்வுக்கு வந்தால் ஷெட்யூலைப் பிரிக்கவே மாட்டார். கையில் கிடைத்த பொம்மையைத் திருப்பிப் பார்ப்பார், பெயிண்ட் எந்தக் கடையில் வாங்குவது என்று விசாரிப்பார். பிறகுதான், “அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம் நேத்து என்னம்மா பண்ணீங்க?” என்பார். “அதுக்கப்புறம்?” “அதுக்கப்புறம்?” விளக்கு வைக்கும்வரை அப்படியே போகும். நேற்றிலிருந்து முந்தாநாள், அதிலிருந்து அதற்கு முந்தைய நாள் என்று ஏழு நாளும் பின்னோக்கி. வீட்டில் ஒருவர் எல்லாருக்கும் பதில் சொல்லலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அவர் இடம் கொடுக்கமாட்டார். மருமகள் வீட்டில் இருந்தால் மருமகளைத்தான் கேட்க வேண்டும். “வீட்டுக்காரரு சொல்றதை எழுதுறதுக்கு நீ எதுக்குய்யா, தபால்ல அனுப்பிடலாமே” என்று ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். ஒருமுறை என் சகா முடித்துக் கொடுத்த ஷெட்யூல் கட்டை அப்படியே திருப்பியடித்தார். “எல்லா வீட்லயும் 92-ஆ? அப்ப பொம்மைக்குக் கண்ணு யாருய்யா வெச்சது?”

அதோடும் விடமாட்டார். பொம்மை யாருடையது என்பார். சொந்தக் கொட்டகைப் பொம்மை என்றால் அந்தப் பெண் 21. கம்பெனிக்காரன் டஜனுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் போனதை வீட்டில் வைத்துப் பூசினால் அவளே சுயதொழில் செய்பவள், 11. அதே தூரிகையோடு கம்பெனிக் கொட்டகையில் போய் தினக்கூலிக்கு உட்கார்ந்தால் 51. அவரிடம் வாங்கிய திட்டில் கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் பிறகு நான் கேட்கவில்லை. பயிற்சி வகுப்பில் இப்போது ஸ்லைடு போடுகிறார்கள்.

இதற்கும் ஜிடிபிக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 2011-12 அடிப்படை ஆண்டு வரிசையில், அமைப்புசாராத் துறையின் உற்பத்தியை எப்படிக் கண்டார்கள்? தலைக்கு இவ்வளவு கூட்டுமதிப்பு என்பதை 67-ஆவது சுற்றின் தொழிலகக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். எத்தனை தலை என்பதை 68-ஆவது சுற்றின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். இரண்டையும் பெருக்கினார்கள். மருமகளுக்கு 92 போட்டால் அவள் வேலையில்லாதவளாகவும் ஆகமாட்டாள், தொழிலாளர் படையிலேயே இல்லை. அந்தப் பெருக்கலிலும் இல்லை. வேலையின்மையும் தேச வருமானமும் வேறு வேறு நிபுணர்கள் பேசுகிற வேறு வேறு விஷயமாகப் பேப்பரில் வருகின்றன. திண்ணையில் இரண்டும் ஒரே கேள்விதான்.

தொழிலகக் கணக்கெடுப்பின் தலைவலி வேறு மாதிரி. என் காலத்தில் மின்சாரத்தோடு 10 பேராவது, இல்லாமல் 20 பேராவது வேலை செய்யும் பதிவுபெற்ற ஆலைகளின் கணக்கு ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வில் போய்விடும். இந்த ஊர்க் கொட்டகைகளில் பல அதற்குக் கீழே. கணக்கு என்று கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டுவார்கள், அதுவும் “நீங்க ஜிஎஸ்டி ஆபீஸா?” என்ற கேள்வியைத் தாண்டிய பிறகு. களிமண், பிளாஸ்டர், பெயிண்ட், விறகு அல்லது கேஸ், சொந்தச் சூளை இல்லாதவர் கொடுக்கிற சுடுகூலி, இவ்வளவையும் கழித்துக்கொண்டு வருவார் முதலாளி. கூடவே ஆள் கூலியையும் கழித்து “மிச்சம் இதான் சார்” என்பார். கூலி கழிக்கிற இனம் இல்லை. கூலி, வாடகை, வட்டி, லாபம் எல்லாம் சேர்ந்ததுதான் கூட்டுமதிப்பு. அவர் சொன்ன லாபத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் வேலை பார்த்தவர்களின் உழைப்பு அத்தனையும் தேசக் கணக்கில் காணாமல் போகும். கேட்பதோ ஒரு மாதக் கணக்கு. கொலுவுக்கு முந்தைய மாதம் போனால் ராஜா, தை மாதம் போனால் ஆண்டி. அதற்காகத்தான் மாதிரியை வருடம் முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். உரிய மாதத்தில் போகாமல் மூட்டை கட்டி வைத்துக் கடைசியில் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

இப்படி ஒரு வருடம் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு, சிறுதொழிலைப் பிந்தைய வருடங்களில் தொழில் உற்பத்திக் குறியீட்டோடு கட்டி இழுத்தார்கள். அந்தக் குறியீடு பெரிய ஆலைகளின் நாடி. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனபோது ரொக்கத்தில் ஓடுகிற கொட்டகைக்கு என்ன ஆயிற்று என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது கூட்டுநிறுவனமல்லாத தொழிலகங்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். 2023-24-இல் 7.34 கோடி தொழிலகங்கள், 12 கோடிக்கு மேல் ஆட்கள். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் படையில் இருப்பவர்கள் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7. இதைச் சாதனை என்று ஒரு கட்சியும் மோசடி என்று ஒரு கட்சியும் பேசுகின்றன. ஆறு வருடத்தில் இவ்வளவு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா? சிலர் வந்திருப்பார்கள், வறுமையும் தள்ளியிருக்கும். என் சந்தேகம், நேற்றும் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்த மருமகள் இன்று 92-லிருந்து 21-க்கு வந்திருக்கிறாள். அப்படியென்றால் பழைய எண்தான் பொய். எங்கள் கும்பகோணத்துக்காரர் இருந்திருந்தால் 23.3-ஐப் பார்த்தே சத்தம் போட்டிருப்பார்.

2025 ஜனவரியில் கணக்கெடுப்பை மாற்றியமைத்த பிறகு வேலையின்மை மாதாமாதம் வருகிறது. ஏப்ரல் மாதத்துக்கான முதல் எண் 5.1 சதவீதம், வாரநிலையில். ஆண்டுக்கு 2.72 லட்சம் வீடுகள், அதே வீட்டுக்கு நான்கு மாதம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மூன்றாவது மாதம் போனால் “போன மாசம் சொன்னதுதான் சார்” என்று கதவைச் சாத்துவார்கள். சொன்னதையே திரும்ப எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதிவு செய்கிற டேப் பிழை என்று சிவப்பு காட்டினால், சிவப்பு மறைகிறவரை கோடு எண்ணை மாற்றிப் பார்க்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எதற்காகச் சிவப்பு என்று கேட்கிறவன் அபூர்வம்.

திட்டிக்கொண்டிருந்தேன் ஒரு பையனை, டீக்கடையில். ஏதோ ஏஜென்சி மூலம் கணக்கெடுக்க வந்தவன், படித்தவன், மரியாதை தெரிந்தவன். சம்பளக்காரர்களிடம் கேட்க ஷெட்யூலில் மூன்று கேள்வி உண்டு: எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா, பி.எஃப். போல ஏதாவது உண்டா. அவனிடமே கேட்டேன். முதலாவதற்குச் சிரித்தான், “ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க சார், காப்பி தரல.” மற்ற இரண்டுக்கும் இல்லை. மாதம் இத்தனை வீடு முடித்தால்தான் முழுச் சம்பளமாம். நான் “அதுக்கப்புறம்?” என்று கேட்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். இன்னும் நாலு வீடு பாக்கியிருக்கு சார் என்று பாதி டீயோடு எழுந்துவிட்டான்.