மார்சி வீதியில் ஒரு வீடு

உரோமைக்குச் செல்வோர் பேராலயங்களைத் தரிசித்துத் திரும்புவது வழக்கம். நானும் அவ்வாறே நகர மதிலுக்கு அப்பாலுள்ள புனித லாரன்சு பேராலயத்திற்குச் சென்றேன். 1943 ஜூலை 19 அன்று குண்டுவீச்சில் பெருஞ்சேதமுற்று, பின்னர் புதுப்பிக்கப்பட்ட ஆலயம் அது. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்து, மார்சி வீதியில் 58ஆம் எண் வீட்டின் வாசலில் நின்றேன். பல மாடிகள் கொண்ட எளிய குடியிருப்பு. கலைச் சிறப்பென்று காட்ட ஒன்றுமில்லை. ஆயினும் உலகெங்கும் உள்ள மழலையர் பள்ளிகள் இந்த வாசலுக்குக் கடன்பட்டுள்ளன.

அக்காலத்தில் சான் லொரென்சோ எனும் இப்பகுதியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்தனர். பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எய்தாத சிறுவர் சுவர்களில் கிறுக்கியும் படிக்கட்டுகளைப் பாழாக்கியும் திரிந்தனர். கட்டடங்களைப் புதுப்பித்த நிறுவனம் அவர்களை ஓர் அறையில் சேர்த்துவைக்க எண்ணி, மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையாரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1907 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. சுவரைக் காக்க எழுந்த எண்ணம் குழந்தையைக் காக்கும் கல்வியாக மலர்ந்தது!

அம்மையார் குழந்தைகளுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவர்கள் கைகளுக்கு வேலை கொடுத்தார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை அளவுள்ள பத்து மரக்கனங்களை அடுக்கிக் கோபுரம் கட்டினால், பெரிது சிறிது என்பதைக் கண் அறியும். உப்புத்தாளையும் வழவழப்பான தாளையும் மாறி மாறித் தடவினால், சொரசொரப்பை விரல் அறியும். ஒரே அளவுள்ள மரப்பலகைகள் 12, 18, 24 கிராம் எடையில் இருக்கும். கண்களை மூடி உள்ளங்கையில் ஏந்தினால், ஆறு கிராம் வேறுபாட்டையும் பிஞ்சுக் கை உணர்ந்துகொள்ளும்.

மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவது மற்றொரு பயிற்சி. ஓர் உருளை இடம் மாறினால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். ஆசிரியர் அதட்ட வேண்டுவதில்லை. தவறை மரமே சொல்லிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இப்பயிற்சியை நாற்பது தடவைக்கு மேல் செய்தாளாம். அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசைமீது வைத்தும், சுற்றி நின்ற பிள்ளைகள் பாடியும்கூட அவள் கவனம் கலையவில்லை என்று அம்மையார் எழுதியுள்ளார்.

இவையனைத்திலும் என் உள்ளத்தைத் தொட்டது மௌன விளையாட்டேயாகும். பிள்ளைகள் அசைவின்றி அமர்ந்திருப்பர். அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரும் மெல்லிய குரலில் அழைக்கப்படும். பெயர் கேட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து செல்லும். செவிப்புலனின் கூர்மையைச் சோதிக்கவே அம்மையார் இவ்வாறு அழைக்கத் தொடங்கினார்.

அந்த வாசலில் நின்றபோது, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியில் நான் கண்ட சிறுவன் நினைவுக்கு வந்தான். பின்வரிசையில் அமர்ந்திருப்பான், கேள்வி கேட்டால் விழிப்பான். “மந்தபுத்தி” என்று எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். காதில் சீழ் வடிந்து அவன் செவிப்புலன் குன்றியிருந்ததை ஓராண்டு சென்ற பின்னரே மருத்துவர் கண்டு கூறினார். முன்வரிசைக்கு வந்ததும் அவன் நன்றாகவே கற்றான். ஆனால் நான் சொன்ன அந்தச் சொல்லை என்னால் மீட்க முடியவில்லை. ஒரு முறையேனும் அவன் பெயரை மெல்ல அழைத்துப் பார்த்திருக்கலாகாதா?

இப்பயிற்சிகள் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். விலையுயர்ந்த கருவிகள் நமக்கு வேண்டா. தீப்பெட்டிகளில் இரண்டிரண்டாக அரிசி, துவரை, மணல் இட்டு மூடி, குலுக்கி, ஒத்த ஓசைகளை இணை சேர்க்கச் சொல்லுங்கள். பட்டு, கதர், கோணித் துண்டுகளைக் கண்மூடித் தொட்டுப் பெயர் கூறட்டும். சுக்கையும் சீரகத்தையும் முகர்ந்தறியட்டும். வெல்லத்தையும் புளியையும் சுவைத்தறியட்டும். சிறு மணிகளை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளாதவாறு அருகிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புப் பெற்றோரே, இன்று மாலையே பிள்ளைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று, அவன் பெயரை மெல்ல அழைத்துப் பாருங்கள். திரும்பினால் மகிழ்ச்சி! பலமுறை அழைத்தும் திரும்பவில்லையெனில், அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.