கோட்டை கட்டாத ராஜா

சதுரங்கத்தில் எதிராளியின் ராஜா கோட்டை கட்டாமல் நடுவிலேயே நிற்கக் கண்டால் நம் கை பரபரக்கிறது. ராணியை விரைந்து செலுத்திச் 'செக்' சொல்லத் தோன்றுகிறது. தனித்துச் சென்ற ராணியால் ஆவதென்ன? அதை விரட்டிக்கொண்டே எதிராளி தம் காய்களை வெளிக்கொணர்ந்துவிடுகிறார்.

1858இல் பாரிஸ் ஓப்பரா அரங்கில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தை இதற்காகவே நாம் அடிக்கடி பலகையில் ஆடிப் பார்ப்பதுண்டு. பிரன்ஸ்விக் கோமகனும் மற்றொரு பிரபுவும் கலந்தாலோசித்து அவரை எதிர்த்து ஆடினர். 8-ஆம் நகர்த்தலில் ஒரு சிப்பாய் வெட்டுக்குக் கிடந்தது. வெட்டியிருந்தால் எதிரணியினர் ராணிகளை மாற்றிக்கொண்டு மூச்சுவிட்டிருப்பர். மார்ஃபி அதைத் தொடாமல் குதிரையை வெளிக்கொணர்ந்தார். 10-ஆம் நகர்த்தலில் அக்குதிரையையே இரு சிப்பாய்களுக்காக ஈந்து, தம் மந்திரிக்கு ராஜாவை நோக்கி வழி திறந்தார். 12-இல் கோட்டை கட்டினார்; தம் ராஜாவும் காப்புற்றது, யானையும் திறந்த வரிசையில் நின்றது. 16-இல் ராணியைப் பலியிட்டார். 17-இல், எஞ்சிய யானையும் மந்திரியுமே ஆட்டத்தை முடித்தன. எதிரணியின் யானையொன்றும் மந்திரியொன்றும் அப்போதும் தொடக்கக் கட்டத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை!

இது சோம்பிய காத்திருப்பன்று. நகர்த்தலொன்றை வீணாக்கினாலும் எதிர் ராஜா கோட்டைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஞாயிறு மாலைகளில் நம்மோடு ஆடும் முதியவர் ஒருவர், "ராஜா வெளியில் நிற்கிறாரே, இன்னும் என்ன யோசனை?" என்று சீண்டுவார். அச்சொல் நம் ரோசத்தைத் தொடும். ஆயினும் நம் கண்கள் ராணியை விட்டு, மூலையில் இன்னும் உறங்கும் யானையைத் தேடுகின்றன. அதை எழுப்பிய பின்னரே தாக்குதலைத் தொடங்குகிறோம்.