கூரைக்காக வந்த பணம்

அஸர் தொழுகை முடிந்து, ஓத வந்த பிள்ளைகள் பாய்களை விரித்துக்கொண்டிருந்த வேளையில், நம் பழைய நண்பர் ஒருவர் மதரஸாவுக்குள் வந்து மேசைமீது தடித்த உறை ஒன்றை வைத்தார். "கூரைக்கு வச்சுக்குங்க ஹஜ்ரத். 50,000 இருக்கு. பேர் எதுவும் போட வேண்டாம்" என்றார். சென்ற மழைக்காலத்தில் வகுப்பறையின் தகரக் கூரை ஒழுகி, குர்ஆன் பிரதிகளை அலமாரியோடு நகர்த்த நேர்ந்ததை அவர் அறிவார். ஜுமுஆவில் மூன்று முறை அறிவித்தும் பாதித் தொகைகூடச் சேரவில்லை என்பதையும் அறிவார்.

அது எந்தப் பணம் என்பதை நாமும் அறிவோம். அது வெல்லப்பட்ட இரவில் நாம் அதே ஊரில், ஆற்றின் இக்கரையில் உட்கார்ந்திருந்தோம்.

இதை எழுதலாமா என்று பல நாள்கள் தயங்கினோம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். எனவே பெயரையும் தொழிலையும் விலக்கிவிட்டு, சம்பந்தப்பட்ட இருவரிடமும் சொல்லிவிட்டே எழுதுகிறோம். வென்றவர் தலையை மட்டும் அசைத்தார். தோற்றவர், "எழுதுங்க, ஆனா உங்க பங்கையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

நாங்கள் எழுவர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாக எங்காவது போய்வருவது வழக்கம். கொடைக்கானல், மூணாறு என்று போய்க்கொண்டிருந்த பயணம் இம்முறை கோவா என்றானது. காரணம் கடல் அன்று. நண்பர்களில் மூவர் சில ஆண்டுகளாகக் கைபேசியில் பணம் வைத்துப் போக்கர் ஆடிவந்தனர். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபின் அவர்களுடைய செயலியில் அந்த ஆட்டம் நின்றுபோயிற்று. "நேரிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாங்க" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். மற்றவர்கள் கட்டைவிரல் படங்களை இட்டனர். நாம் எதுவும் இடவில்லை. மறுக்கவும் இல்லை.

அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். தோழனைச் சூதாட அழைத்தவர், அந்த அழைப்புக்காகவே தர்மம் செய்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஆட்டம் நடந்ததா, வென்றாரா தோற்றாரா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை; வாயால் அழைத்ததே கணக்கில் வந்துவிட்டது. அழைப்பைக் கேட்டு வாய்மூடியிருந்தவருக்கு என்ன என்று ஒரு மாணவர் அன்று கேட்டிருந்தால் விரிவாகவே விடையளித்திருப்போம். குழுவில் அந்தச் செய்தியைப் படித்தபோதோ, 'கடலைப் பார்த்துவிட்டு வரலாம், அவர்களையும் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்' என்று நமக்கு நாமே ஒரு ஃபத்வா கொடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து வேனில் புறப்பட்டோம். இரவு நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றின் பின்புறத்தில் துண்டுகளை விரித்து இஷாவைக் கஸ்ராகத் தொழுதோம். நாம் முன்னே நிற்க, அறுவரும் பின்னே ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்த்து நின்றனர். வேனுக்குத் திரும்பும்போது ஒருவர் மிக அக்கறையாகக் கேட்டார்: "ஹஜ்ரத், கப்பல்ல சாப்பாடும் டிக்கெட்டோட சேர்த்துத்தான் தர்றாங்க. அந்தக் கோழி ஹலாலா இருக்குமா?" நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. பேணுதல் உள்ளவர்தான், கடைசிவரை அங்கே காய்கறிச் சோறு மட்டுமே உண்டதாகப் பின்னர் சொன்னார்.

பணஜியில் மாண்டவி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும் தொலைவில் கேசினோக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. அவை எங்கும் பயணம் போவதில்லை. கரையில் சீட்டு வாங்கி, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு சிறு படகில் ஏறினால் சில நிமிடங்களில் கப்பலில் சேர்த்துவிடுவர். 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தைப் பின்னாளில் திருத்தி, நட்சத்திர விடுதிகளிலும் நீரில் நிற்கும் கலங்களிலும் இந்த ஆட்டங்களுக்கு அம்மாநிலம் வழி திறந்தது. அதே மாநில அரசு 2020இல், கோவாவாசிகள் இக்கேசினோக்களுக்குள் நுழையக் கூடாதென்றும் தடை விதித்தது. தன் பிள்ளைகள் உண்ணக் கூடாதென்று தெரிந்த பண்டத்தை விருந்தாளிக்கு விற்கும் கடைக்காரரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் அவர்கள் படகுத்துறைக்குப் போனார்கள். நாம் துறைவரை உடன் சென்றோம். வேண்டாமென்று சொல்ல அதுவே கடைசி இடம், சொல்லவில்லை. நண்பர் ஒருவர், தோற்றவர் என்று இங்கே நாம் குறிப்பிடுபவர், வரிசையிலிருந்து விலகி வந்து தம் ஏடிஎம் கார்டை நம் கையில் வைத்தார். "கையில இருக்கிற பத்தாயிரத்தோட நிறுத்திக்குவேன். இது உங்ககிட்ட அமானிதம். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றார். கைபேசி ஆட்டத்தில் அவர் முன்பே கொஞ்சம் இழந்திருந்தார் என்பதும், அது அவர் மனைவிக்குத் தெரியும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் கணக்கில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான பணம் இருந்தது என்பது அப்போது தெரியாது.

ஆற்றோர நடைபாதையில் ஒரு பெஞ்சில் அமர்ந்து திக்ர் செய்துகொண்டிருந்தோம். கப்பல்களின் விளக்கொளி நீரில் நீலமும் சிவப்புமாக நெளிந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்யாகும்.

இரவு 11.30 மணிக்கு மேல் அவர் படகில் கரைக்கு வந்தார். முகம் வேறாக இருந்தது. "கார்டைக் கொடுங்க ஹஜ்ரத்" என்றார். அவர் சொன்னதை நினைவூட்டினோம். "அது அப்போ. இப்போ ஆட்டம் புரிஞ்சுடுச்சு, விட்டதை எடுத்துட்டு வந்துடுவேன்" என்றார். மீண்டும் மறுத்தோம். அவர் குரல் உயர்ந்தது. நாம் தலைப்பாகை கட்டிய நாள் முதல் ஹஜ்ரத் என்றே அழைத்துவந்தவர், பள்ளிக்கூட நாள்களின் குரலில், "மாப்ளே, என் காசுடா அது. நீ யார்டா?" என்றார். நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தனர். தொப்பியும் தாடியுமாக ஒருவர், அவர் சட்டைப்பையை நோக்கி நீளும் ஒரு கை.

கொடுத்துவிட்டோம்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ஏவும் வசனம், அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆவது, அக்கணத்தில் நம் நாவுக்கு வந்தது. கேட்டது உரியவர், கொடுத்தோம், பொறுப்பு முடிந்தது என்று மனத்தைச் சமாதானப்படுத்தினோம். அதே அத்தியாயத்தின் 5ஆவது வசனம், விவேகமிழந்த நிலையில் இருப்போரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாமென்று தடுப்பது, ஊர் திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. இரண்டும் நமக்கு மனப்பாடம். எது எளிதோ அது முதலில் வந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த அந்நியர்கள் முன் வெட்கப்பட்டே கொடுத்தோம், வசனத்தைப் பின்னால் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டோம்.

அவர் நள்ளிரவுக்கு முன்பு 40,000, நள்ளிரவு கடந்து அடுத்த நாளின் வரம்பு தொடங்கியதும் மீண்டும் 40,000 எடுத்துக்கொண்டு படகேறினார்.

கப்பலில் நடந்ததை நாம் பார்க்கவில்லை, வேனில் கேட்டதுதான். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பந்தயம் கூடும். பணம் வண்ண வில்லைகளாகிவிடுவதால் பணம் போலவே தோன்றாது. ஆடுவோர் தங்களுக்குள்தான் ஆடுகின்றனர்; மேசைக்குரிய நிறுவனமோ குவியலிலிருந்து தன் கழிவை எடுத்துக்கொள்ளும். யார் தோற்றாலும் அதற்கு நட்டமில்லை.

விடியலுக்கு முன் அறைக்கு வந்து படுத்தனர். ஃபஜ்ருக்கு எழுப்பினோம். தோற்றவர் ஒருவரே எழுந்து வந்தார். தொழுதுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஹூப்ளி தாண்டியதும் தூக்கக் கலக்கம் நீங்கி வேனில் பேச்சு சூடுபிடித்தது. வென்றவர் தம் கடைசி ஆட்டத்தை விவரித்தார். எதிரே இருந்த நம் நண்பர் கையில் வலுவான சீட்டு. பந்தயம் ஏற ஏற 45,000 வரை வைத்துவிட்டார். இவர் கையிலோ ஒன்றுமில்லை. கடைசிச் சீட்டு திறந்ததும் முகத்தில் சலனமே காட்டாமல் தம்மிடமிருந்த அத்தனை வில்லைகளையும் முன்னே தள்ளியிருக்கிறார். எதிரே இருந்தவர் அஞ்சி, வெல்ல வேண்டிய சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "ஒண்ணுமே இல்ல மாப்ளே என் கையில! எப்படி நம்ப வெச்சேன் பார்த்தியா?" என்று வென்றவர் பின்னால் திரும்பிச் சிரித்தார்.

நாற்பது ஆண்டுகளை நெருங்கும் பழக்கத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் நம்பியதுதான் அங்கே தோற்றது. பின்னிருக்கையிலிருந்து பதில் வரவில்லை. ஊர் வரும்வரை ஒருவரும் பேசவில்லை. மதுவையும் சூதையும் பற்றிப் பேசும் அல்மாயிதா வசனங்கள் பகைமையையும் வெறுப்பையும் ஏன் குறிப்பிடுகின்றன என்று பாடத்தில் சொல்லும்போது, அரபுக் கோத்திரங்களையே உதாரணம் காட்டிவந்தோம்.

அந்தப் பயணம் முடிந்த பன்னிரண்டாம் நாள்தான் உறை வந்தது.

நாம் வாங்கவில்லை என்றதும் நண்பர் வருந்தினார். "இது குருட்டு அதிர்ஷ்டம் இல்ல ஹஜ்ரத், திறமை. கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை சார்ந்தவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் ஃபிக்ஹில் முதற்கேள்வி அதுவன்று. இருதரப்பும் பொருள் வைத்து, ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாகவே இருக்குமாயின் அது சூது. ஆடுபவர் கெட்டிக்காரராக இருப்பதால் பெயர் மாறாது. பின்னர் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இணையத்தைப் பொறுத்தவரை திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்கவில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினோம். அவருடைய செயலி நின்றதே அதனால்தான்.

"சரி, தப்புன்னே வெச்சுக்குங்க. நல்ல காரியத்துக்குத்தானே கொடுக்கிறேன்?" என்றார்.

இங்கேதான் அவருக்கு அந்தப் பழைய மைஸிரை விளக்கினோம். அறியாமைக் காலத்து அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர்களோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசுவர். சேராமல் ஒதுங்கியவரைக் கஞ்சரென்று இகழ்வர். தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதை விரிவாகவே எழுதியுள்ளனர். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதில் மனிதர்களுக்குச் சில பயன்களும் உண்டென்பதை மறுக்கவில்லை; பாவம் பயனை விடப் பெரிது என்றே தீர்த்துவைத்தது. பசித்த ஏழைக்குப் போன இறைச்சியே அந்த ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. நம் தகரக் கூரையா காப்பாற்றப் போகிறது?

அவர் நெடுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ இதை என்ன செய்ய?" என்றார். சூதில் கிடைத்தது உடைமையாவதில்லை. யாரிடமிருந்து வந்ததென்று தெரிந்தால் அவரிடமே திருப்ப வேண்டும். தெரியாதபோது, நன்மையை எதிர்பாராமல், கையைச் சுத்தம் செய்துகொள்ளும் எண்ணத்தோடு தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் வென்றது மொத்தம் 1,10,000. மேசையில் அந்நியர்கள் பலர். வில்லைகளில் பெயர் எழுதியிருப்பதில்லை. ஆனால் 45,000க்கு மட்டும் பெயர் இருந்தது.

"அவன் வாங்க மாட்டான், ரோஷக்காரன்" என்றார். நாமும் உடன் வருவதாகச் சொன்னோம்.

மஃரிபுக்குப் பின் இருவரும் அவர் கடைக்குப் போனோம். வாடிக்கையாளர் ஒருவர் போகும்வரை காத்திருந்தோம். வென்றவர் உறையிலிருந்து 5,000ஐ எடுத்துத் தம் பையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கல்லாவின் மீது வைத்தார். "ஹஜ்ரத் சொன்னார்னு வரல. எனக்கே தூக்கம் வரல" என்றார். அது முழு உண்மையா என்று நாம் ஆராயவில்லை.

தோற்றவர் உறையைத் தொடவில்லை. மகளின் கட்டணத்துக்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டதை அன்றுதான் சொன்னார். பிறகு நம் பக்கம் திரும்பினார். "அவன் ஆடினான், ஜெயிச்சான். அவன் மேல எனக்கு என்ன கோபம்? கொடுக்காதீங்கன்னு உங்ககிட்டதானே சொன்னேன் ஹஜ்ரத்?" என்றார்.

"ஆமாம்" என்றோம். வேறு சொல் கிடைக்கவில்லை. நபிமொழி, வசனம், அவற்றின் விளக்கம் எல்லாம் நெஞ்சில் இருந்தன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

வளையலை மீட்ட செய்தி அடுத்த வாரம் வந்தது. வென்றவரிடம் இன்னும் 65,000 இருக்கிறது. அதில் பாதியை ஒரு நோயாளியின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். இருவரும் ஜுமுஆவில் சலாம் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் ஒரே வரிசையில் நிற்பதை இதுவரை பார்க்கவில்லை. கூரைக்கு இந்த வாரமும் அறிவிப்புச் செய்தோம்.