வாரம் ஒரு போன் போதுமா?

பெற்றோரைப் பிரிந்து வளரும் குழந்தைகள் என்றதும் பலருக்கும் அனாதை இல்லங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெற்றோர் உயிரோடு இருந்தும், அவர்கள் குரலை போனில் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளும் ஏராளம். இதற்கு மிகப்பெரிய உதாரணம் சீனா.

சீனக் கிராமங்களில் இருந்து ஷென்சென், ஷாங்காய் போன்ற நகரங்களுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். கூடவே அழைத்துப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கே 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவு முறை 1958 முதல் சட்டமாக இருக்கிறது. வேறு ஊரில் பதிவு உள்ள பிள்ளைக்குப் பெரிய நகரத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். கல்லூரி நுழைவுத் தேர்வையும் பெரும்பாலும் பதிவு உள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும். ஆக, சம்பாதிக்கும் இடம் ஒன்று, பிள்ளை படிக்கும் இடம் வேறு! பலர் ஊர் திரும்புவது ஆண்டுக்கு ஒரு முறை, சீனப் புத்தாண்டுக்குத்தான்.

2013-ல் வெளியான கணக்குப்படி இப்படிப்பட்ட குழந்தைகள் சுமார் 6 கோடியே 10 லட்சம். 2016-ல் அரசு சொன்ன கணக்கு 90 லட்சம்தான். குழந்தைகள் குறைந்துவிடவில்லை, விளக்கம்தான் மாறியது. பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருந்தாலும் முதல் கணக்கில் சேரும். இரண்டாவதில் அப்படி இல்லை.

2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் 111 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. பெற்றோர் வேலைக்காக வெளியூர் சென்ற குழந்தைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதே அதன் முடிவு. பெற்றோர் பணம் அனுப்புகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பணம் மனதைக் காப்பாற்றவில்லை!

அப்படியென்றால் போன் இருக்கிறதே? வீடியோவில் முகம் பார்க்கலாமே? பிரச்சனையே அங்குதான். "சாப்பிட்டியா? எவ்வளவு மார்க்? பாட்டி சொல்றதைக் கேளு." அவ்வளவுதான் பேச்சு. பள்ளியில் ஒருவன் அடித்ததை மகன் சொல்ல மாட்டான், தூரத்தில் இருக்கும் அம்மா கவலைப்படுவாள் என்று. வேலை போனதை அம்மா சொல்ல மாட்டாள், பிள்ளை பயப்படுவான் என்று. இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் அந்த அன்பே இருவரையும் தனிமைப்படுத்துகிறது.

2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த சீனச் சட்டத் திருத்தம், பிள்ளையை வேறொருவரிடம் ஒப்படைத்த பெற்றோர் வாரம் ஒரு முறையாவது அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எத்தனை முறை என்றுதான் சட்டம் சொல்ல முடியும், என்ன பேசுவது என்று சொல்ல முடியாதே!

அதைப் பெற்றோர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மார்க்கைக் கேட்கும் முன் "இன்னைக்கு யாரோட விளையாடின?" என்று கேட்கலாம். பிள்ளை அழுதால் உடனே அடக்காமல் அழ விடலாம். "சீக்கிரம் வந்துடுவேன்" என்று பொய் சொல்வதைவிட, வர முடியாத காரணத்தைச் சொல்லிவிடலாம். காத்திருந்து ஏமாறும் பிள்ளை அடுத்த முறை போனை எடுக்கவே யோசிக்கும்.

வளைகுடா நாடுகளில் அப்பாக்கள் உழைக்கும் நம் ஊர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளை "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு போனைப் பாட்டியிடம் நீட்டினால், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உண்மையில் அது இன்னும் தொடங்கவே இல்லை.