பைப் நெருப்பில் கருகிய மூன்று பக்கங்கள்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஓர் இடம் வரும். மோரியா என்கிற பாழடைந்த சுரங்க நகரத்துக்குள் நுழையும் கூட்டம், ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் கிழிந்து, கருகி, ரத்தக்கறை படிந்த குறிப்பேடு ஒன்றைக் கண்டெடுக்கும். அங்கே குடியேறிய குள்ளர்கள் கடைசிவரை எழுதிவைத்த குறிப்புகள் அவை. மந்திரவாதி கேண்டால்ஃப் அதைத் தடுமாறித் தடுமாறிப் படிப்பார். சினிமாவாகப் பார்த்தவர்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்தப் பக்கங்களை வாசகரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், கதையை எழுதிய ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், பழைய கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்ந்தவர். கதைக்காகத் தானே உருவாக்கிய எழுத்துகளில் மூன்று பக்கங்களை எழுதினார். ஓரங்களைத் தன் பைப் நெருப்பில் கருக்கினார். தையல் பிரிந்த தாள் போலத் தெரிய ஒரு பக்கமாகத் துளைகள் போட்டார். ரத்தத்துக்குச் சிவப்பு வண்ணம். பள்ளி நாடகத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தை டீயில் நனைத்துப் பழசாக்குவார்களே, அந்த உற்சாகம் ஐம்பதைத் தாண்டியவருக்கு!

1954-ல் முதல் பாகம் வெளியானபோது அந்தப் பக்கங்கள் அதில் இல்லை. வண்ணத்தில் அச்சிட்டால் கட்டுப்படியாகாது என்று பதிப்பகம் கைவிரித்துவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. உலகப் போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகாத இங்கிலாந்து. காகிதம் விலை அதிகம். ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம் என்று தெரிந்தேதான் புத்தகத்தைப் போடத் துணிந்திருந்தார்கள். டோல்கீனுக்கு வழக்கமான ராயல்டி கிடையாது. செலவு போக லாபம் வந்தால் ஆளுக்குப் பாதி என்பதுதான் ஒப்பந்தம். மோதிரத்தில் ஒளிரும் எழுத்துகளைச் சிவப்பில் அச்சிடும் ஆசையும் நிறைவேறவில்லை. அவருக்கு மனசு ஆறவில்லை என்பது கடிதங்களில் தெரிகிறது.

1973-ல் டோல்கீன் காலமானார். 2004-ல் வந்த 50-ம் ஆண்டு சிறப்புப் பதிப்பில் அந்த மூன்று பக்கங்களும் வண்ணத்தில் இடம்பெற்றன. பார்க்க அவருக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

சிறப்புப் பதிப்பு என்றாலே பகட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பல நேரம் அது சரிதான். உள்ளே அதே கதை. வெளியே தங்க விளிம்பு, பட்டு ரிப்பன், அழகான அட்டைப்பெட்டி, கூடவே ஒரு வரிசை எண். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பில்லை. ஆனால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். கூடுதலாகத் தரும் அந்த ‘ஸ்பெஷல்’ எழுத்தாளரின் மேஜையிலிருந்து வந்ததா, விற்பனைப் பிரிவில் யாரோ யோசித்ததா? முதல் வகை என்றால், கதையில் விட்டுப்போன ஒரு துண்டு உங்கள் கைக்கு வருகிறது. இரண்டாவது என்றால் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். கதை மட்டும் போதும் என்பவருக்குச் சாதாரணப் பதிப்பே தாராளம்.

டோல்கீன் கருக்கிய அசல் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.