பழத்தோடு காயும் கோப்பி

கோப்பி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த தூள், தடிமன் பிடித்த நாளில் உம்மா ஊற்றித் தந்த கோப்பை, விருந்தாளி வந்தால் அடுப்பில் ஏறும் கேத்தல். நமக்கு இவ்வளவு நெருக்கமான இந்தப் பானத்துக்கும் ஒரு பிறந்தகம் உண்டு. அதுதான் எதியோப்பியா. நபித் தோழர்கள் கி.பி. 615 இல் ஹிஜ்ரத் செய்து அடைக்கலம் தேடிய ஹபஷா என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

அந்த நாட்டின் கிழக்கு மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது ஹரார் நகரம். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து திரே தாவா வரை விமானத்தில் போய், அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஏறவேண்டும். பழைய நகரைச் சுற்றி நிற்கும் மதிலை 16ஆம் நூற்றாண்டில் அமீர் நூர் எழுப்பினார் என்பது வரலாறு. உள்ளே 82 பள்ளிவாசல்கள் இருக்கின்றன. 2006 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த மதில் நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தால், இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அளவுக்கே அகலமான சந்துகள். ஒரு தெருவுக்கு ‘மகினா கிர்கிர்’ என்று பெயர். வரிசையாக அமர்ந்திருக்கும் தையற்காரர்களின் மெஷின் எழுப்பும் ‘கிர்கிர்’ ஓசைதான் அந்தப் பெயருக்குக் காரணம். வீடுகளின் முன்னறையில் ஏற்ற இறக்கமான திண்ணைகள். சுவர் முழுவதும் பெண்கள் கையால் பின்னிய வண்ணக் கூடைகளும் தட்டுகளும். எந்தச் சந்தில் நடந்தாலும் எங்கோ ஒரு வீட்டில் கோப்பி வறுபடும் மணம் வரும்.

வெயிலே வேலைக்காரன்

கோப்பிப் பழத்தைப் பதப்படுத்த இரண்டு முக்கிய முறைகள் உண்டு. ஒன்று, தோலை உரித்து, வழுவழுப்பான சதையைப் புளிக்க வைத்துக் கழுவி, கொட்டையை மட்டும் காயவைப்பது. இதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். மற்றது, பழத்தைப் பழமாகவே வெயிலில் காயப்போடுவது. ஹரார் மலைப்பகுதியில் தண்ணீர் அருமை, வெயிலோ தாராளம். அதனால் அங்கு தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டாவது முறைதான்.

கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பழம் காய்வதற்கு மூன்று நான்கு வாரங்கள் செல்லும். ஒரு நாளில் பல தடவை கையால் கிளறிவிட வேண்டும். குவியலாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இரவில் பனி படாமல் மூட வேண்டும். மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். கடைசியில் ஒரு பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை ‘கடகட’ என்று குலுங்கும். அப்போதுதான் தோலை நீக்குவார்கள். நெல்லும் மிளகாயும் காயவைத்த வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கும் இதில் பெரும்பங்கு பெண்களின் கைவேலைதான்.

அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு, மணம். பழத்தின் இனிப்புச் சதைக்குள்ளேயே நாட்கணக்காகக் கிடப்பதால் கொட்டையில் ஒரு பழவாசம் ஏறிவிடுகிறது. சுவை பார்ப்பவர்கள் இதைப் புளூபெரிப் பழத்துக்கு ஒப்பிடுவார்கள். நம் நாக்குக்கு நாவற்பழமும் முந்திரிகை வற்றலும் ஞாபகத்துக்கு வரும்.

இந்தக் கோப்பி செங்கடலைத் தாண்டி யெமன் துறைமுகங்களுக்குப் போய், ‘மொக்கா’ என்ற பெயரிலும் உலகெங்கும் விற்பனையானது. பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரம்போ கூட 1880 இல் ஒரு வர்த்தகக் கொம்பனியின் ஊழியராக ஹராருக்கு வந்து கோப்பி வியாபாரம் பார்த்தவர்தான்.

ஆனால், சகோதரிகளே, கொட்டை காசாகும் பொருளல்லவா? அதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, காய்ந்த கோப்பி இலையை வறுத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அதன் பெயர் ‘குத்தி’. பழத்தோலைக்கூட வீசுவதில்லை, அதிலும் ஒரு பானம் காய்ச்சுவார்கள்.

மூன்றாவது கோப்பை

எதியோப்பியாவில் கோப்பி ஊற்றுவது அவசர வேலையல்ல. வீட்டுப் பெண் தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து அமர்வாள். பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் இரும்புத் தட்டு வைத்து வறுப்பாள். வந்தவர்கள் முகர்ந்து பார்க்கத் தட்டை அவர்கள் முன்னே கொண்டுபோவாள். பிறகு உரலில் இடித்து, ‘ஜெபனா’ என்ற நீண்ட கழுத்துள்ள மண்குடுவையில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவாள். அதே தூளில் மூன்று சுற்று. மூன்றாவது சுற்றின் பெயர் ‘பரக்கா’. நாம் ‘பரக்கத்’ என்கிறோமே, அதே சொல். அதைக் குடிக்காமல் எழுந்து போவது மரியாதையல்ல.

இந்தக் கோப்பிக்கு இப்போது ஒரு சோதனை. ஹரார் வட்டாரத்தில் விவசாயிகள் பலர் கோப்பி மரத்தைப் பிடுங்கிவிட்டு ‘காத்’ நட்டிருக்கிறார்கள். மென்றால் மயக்கமும் உற்சாகமும் தரும் இலை அது. கோப்பி வருடத்துக்கு ஒரு விளைச்சல். காத் இலையை வருடத்தில் பல தடவை பறித்து உடனே காசாக்கலாம். கோப்பி விலையோ இன்று ஏறும், நாளை விழும். பிள்ளைகளின் வயிற்றைப் பார்க்கும் ஒரு தகப்பனை நாம் எப்படிக் குறை சொல்வது? மூன்று நான்கு வாரம் வெயிலில் கிளறிய கைகளுக்குத் தகுந்த கூலி கிடைத்தால்தான் மரம் மண்ணில் நிற்கும்.

உங்கள் அடுப்பில்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலமோ நல்ல கடையிலோ இந்தக் கோப்பி கிடைத்தால் அதன் அருமை அறிந்து ஊற்றுங்கள். பையில் ஹரார் என்ற பெயரும், வெயிலில் உலர்த்திய குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைக் கொட்டையானால் தாச்சியில் கைவிடாமல் கிளறி, இளங்கபில நிறம் வந்ததும் இறக்கிச் சுளகில் ஆறவிடுங்கள். கருக்கிவிட்டால் பழவாசம் போய்விடும். மல்லி, வேர்க்கொம்பு எதுவும் இப்போது வேண்டாம். குடிக்கும் அளவுக்கு மட்டும் அப்போதைக்கப்போது அரையுங்கள். மிச்சக் கொட்டையைக் காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள்.

ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீருக்கு, மட்டமாக இரண்டு மேசைக்கரண்டித் தூள் போதும். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, நுரை பொங்கும்போது இறக்கி, நாலைந்து நிமிடம் மூடி வையுங்கள். மண்டி அடியில் இறங்கியதும் மெல்ல ஊற்றுங்கள். முதல் மிடறைச் சீனியில்லாமல், சூடு சற்றுத் தணிந்த பின் குடியுங்கள். பழவாசம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. ஹராரில் யாரும் இதைத் தனியாகக் குடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு, மூன்றாவது கோப்பை வரை இருந்து பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.