பின் சில்லின் காற்று

அந்த மோட்டார் சைக்கிளை அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் காசு சேர்த்து ஆகஸ்ட் கடைசியில் வாங்கினோம். விற்றவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அங்கிள். "பின் ரயருக்கு 2.5 பார் காத்து இருக்க வேணும். கிழமைக்கொருக்கால் பாருங்கோ" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார்.

செப்டெம்பர் சந்தோஷமாகப் போனது. ஒக்டோபரில் ஒரு காலை அளந்தால் 2.3. பெற்றோல் நிலையத்தில் நிரப்பினோம். மறுநாள் காலை மறுபடியும் 2.3. "ஓட்டை ரயரை எங்கட தலையில கட்டிப்போட்டார்" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அதோடு விட்டிருக்கலாம். வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மூன்று நண்பர்களிடமும் சொன்னோம். அதன் பிறகு ஆராதனை முடிந்ததும் அங்கிளைக் காணாதவர்கள் போல ஒதுங்கிப் போனோம்.

நவம்பரில் காற்று வேகமாகக் குறையத் தொடங்கியது. ஹெர்னிங்கிலிருந்து ஓர்ஹுஸ் போய்த் திரும்பும் வழியில், மோட்டார்வேயில், மழைக்குள் பின்பக்கம் பாம்பு போல நெளிந்தது. மெல்ல ஓரங்கட்டி அளந்தோம். 1.6. காற்றுக் குறைந்த ரயர் வேகமாக ஓடும்போது மடிந்து மடிந்து சூடேறும். அந்த வேகத்தில் அது கிழிந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அன்றிரவு அம்மா சாவியை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். டேனிஷ்காரர் பலர் குளிர் காலத்தில் மோட்டார் சைக்கிளை ஓடுவதில்லை, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்பது அவருடைய கேள்வி.

அப்பா மட்டும் வேறொன்று கேட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் அவரிட்டை ஒருக்கால் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. வருகிற ஞாயிறு திருவிருந்து. தொலைபேசியை எடுத்தோம்.

அங்கிள் அன்று மாலையே வந்தார். ரயரை அவர் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான். எங்கே காற்று அடிக்கிறீர்கள்? பெற்றோல் நிலையம் எவ்வளவு தூரம்? எப்போது அளக்கிறீர்கள்? பதினாலு கிலோமீற்றர் ஓடிப் போய் அடிக்கிறோம், காலையில் அளக்கிறோம் என்றோம். அவர் சிரித்தார். ஓடி வந்த ரயர் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்போது 2.5 வரைக்கும் நிரப்பினால் விடியக் குளிரில் குறைவாகத்தான் காட்டும். அத்தோடு ஆகஸ்ட் வெயிலில் அளந்ததும் ஒக்டோபர் குளிரில் அளந்ததும் ஒன்றாக இராது. வெப்பநிலை பத்துப் பாகை இறங்கினால் இந்த அளவு ரயரில் ஏறக்குறைய 0.1 பார் குறையும். ரப்பருக்குள்ளாலும் காற்று மெல்ல மெல்லக் கசியும். ஆக, ஒக்டோபரில் நாங்கள் கண்டது ஓட்டையே இல்லை.

"ஆனா நவம்பரில போனது ஓட்டைதான்" என்றார். "ஒரு கிழமை எழுதுங்கோ. விடிய, வெளிக்கிட முதல், ஒரே கேஜால." அம்மாவிடம் பேசிச் சாவியை மீட்டுத் தந்தவரும் அவர்தான். பக்கத்து வீதிகளில் மட்டும், மெதுவாக ஓட வேண்டும் என்பது உடன்பாடு.

எழுதினோம். சும்மா நின்ற நாட்களில் முள் அசையவில்லை. ஓடிய நாட்களுக்கு மறுநாள் மட்டும் 0.2, 0.3 என்று குறைந்திருந்தது. ஆணி குத்தியிருந்தால் நின்றாலும் போக வேண்டுமே!

சனிக்கிழமை அவர் வாளியும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு வந்தார். ஊரில் சைக்கிள் ரியூப்பைக் கழற்றிச் சட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்த கதையை அப்பா தொடங்கினார். எங்களுடையது அலோய் சில்லு, ரியூப் இல்லை. கம்பிச் சில்லென்றால் கம்பி பூட்டும் துளைகளாலேயே காற்றுப் போய்விடும், அதனால் ரியூப் வேண்டும். கொப்பன்ஹேகனில் 1919 முதல் 1960 வரை செய்த நிம்பஸ் மோட்டார் சைக்கிள்களுக்கும் கம்பிச் சில்லுதான் என்று சொல்லி, அங்கிள் வேலையை விட்டுவிட்டு நிம்பஸைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நில்பிஸ்க் தூசு உறிஞ்சி செய்த அதே கொம்பனியாம். அம்மா கோப்பி கொண்டு வந்ததால்தான் பேச்சு நின்றது.

சோப்புத் தண்ணீரை ரயரின் மேற்புறம் முழுவதும் பூசினோம். ஒன்றுமில்லை. ரயரும் றிம்மும் சேரும் விளிம்பில், இரண்டு பக்கமும். ஒன்றுமில்லை. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தார். அங்கும் குமிழி இல்லை. பிறகு வால்வை விரலால் ஒரு பக்கம் மெல்லச் சரித்தார். அதன் அடியில், ரப்பர் றிம்முக்குள் நுழையும் இடத்தில், பொலபொலவென்று நுரை வந்தது. விட்டதும் நின்றது.

நிற்கும்போது மூடிக்கொள்ளும் வெடிப்பு. சில்லு சுழலும்போது வால்வு வெளிப்பக்கமாக இழுபடும், வெடிப்புத் திறக்கும். அந்த வெடிப்பு எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்களே கண்டோம். பெற்றோல் நிலையத்துக் குழாயின் தலை பாரமானது. பிரேக் தட்டு இடைஞ்சலாக இருந்ததால் வால்வைச் சரித்துச் சரித்துத்தான் அதை மாட்டினோம். இல்லாத ஓட்டைக்குக் கிழமையில் மூன்று தரம்.

"ரப்பரும் பழசுதான்" என்றார் அங்கிள். "போன வருசம் ரயர் மாத்தேக்கை வால்வையும் மாத்தியிருக்க வேணும். அது என்ரை பிழை."

அப்போதுதான் நாங்கள் சொன்னோம், வாலிபர் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று. அவர் வாளித் தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அதுதானோ ரெண்டு மாசமாக் கை தராமல் போனனீங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தன் வாகனத்தில் சில்லை ஏற்றிக்கொண்டு போய்ப் புது வால்வு போட்டுத் தந்தார்.

இப்போது காலைக் குளிரில் 2.5, ஓடிய நாளுக்கு மறுநாள் காலையிலும் 2.5.

மூன்று நண்பர்களிடமும் போய்ச் சொன்னோம். ஒருவன் அன்றே மறந்துவிட்டதாகச் சொன்னான். இன்னொருவன் சிரித்தான். மூன்றாமவன் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான், அவர் ஹோல்ஸ்டெப்ரோவில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லியிருந்தார். இந்தச் சனிக்கிழமை வீதி காய்ந்திருந்தால் அங்கே போக இருக்கிறோம்.